அடுத்த சாப்பாடு எப்போது என்று கேட்ட சிஸ்டருக்கு

அன்பும் மரியாதையும் மாறாத பரமேஸ்வரி சிஸ்டர்,

ஒரு செய்தி சொன்னால் சிரிப்பீர்கள். என்னை ஒரு குழுவுக்குப் பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள். ஓம், என்னைத்தான். நீங்கள் லீவில் போனால் வாட்டின் சாவியை வைத்திருக்கப் பயந்து, நீங்கள் திரும்பி வரும் காலையில் ஆஸ்பத்திரி வாசலிலேயே காத்து நின்று உங்கள் கையில் தந்துவிட்டு மூச்சு விட்ட அதே மனிதனை.

உங்கள் உயிர் போன பிறகு உங்கள் ஊரான உடப்புக்கு வந்தேன். உங்கள் வீட்டு முற்றத்தில் சனம் நிறைந்திருந்தது. நான் வேலியோரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். கிட்ட வந்து முகம் பார்க்கவில்லை. எந்த இடத்தில் நிற்பது, யாரிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இப்போது சொல்ல நிறைய இருக்கிறது. கேட்க அதைவிடக் கூட இருக்கிறது.

சண்டை முடிந்த பிறகு இந்தக் கரையில் நடந்த மாற்றத்தின் தொடக்கத்தை மட்டும்தான் நீங்கள் பார்த்தீர்கள். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரை விட்டு என்னைப்போல வெறுங்கையோடு வந்தவர்களின் பிள்ளைகள், காணி துப்புரவாக்கவும் வீடு கட்டவும் கடலுக்குப் போகவும் என்று ஒவ்வொருவராகத் திரும்பிப் போனார்கள். பேரப்பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இங்கே புத்தளத்தில். அதனால் குடும்பம் இரண்டு இடத்தில் நிற்கிறது. ஆம்பிளைகள் அங்கே, பிள்ளைகளும் பெண்களும் இங்கே. கட்டிலை விட்டு இறங்க முடியாத வயதானவர்களும் இங்கேதான்.

அவர்களை வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதற்கு ஊர்ப் பெரியவர்கள் சிலர் சேர்ந்து ஒரு வேனும் சிறு குழுவும் ஏற்பாடு செய்தார்கள். புண்ணுக்கு மருந்து கட்டுவது, குழாய் மாற்றுவது, ஊசி போடுவது எல்லாம். நடத்திக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற டொக்டர் மகளிடம் வெளிநாடு போக, “ஆள் கிடைக்கும் வரைக்கும் நீங்க பாருங்க” என்று என்னிடம் தந்தார்கள். ஆள் கிடைக்கவில்லை. தேடினார்களா என்பதும் எனக்குச் சந்தேகம்.

குழுவில் இரண்டு பேர். ஒருத்தி நஸ்ரியா. புத்தளத்துப் பிள்ளை, கொழும்பில் தனியார் ஆஸ்பத்திரியில் வேலை செய்த தாதி. கை சுத்தம், கண் கூர்மை, வாய் அதைவிடக் கூர்மை. மற்றவள் உங்கள் ஊர்ப் பிள்ளை செல்வி, உதவியாளர். பாலாவியில் சின்னம்மா வீட்டில் இருந்து வருகிறாள். உங்கள் செத்த வீட்டில் அவளும் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டு நின்றாளாம். நான் பார்க்கவில்லை.

உங்களுக்குத் தெரியும், நான் படித்தவன்தான். தாதியர் முகாமைத்துவப் பாடத்தில் எனக்கு நல்ல புள்ளி. திட்டமிடல், ஒழுங்கமைத்தல், பொறுப்பைப் பகிர்தல், மேற்பார்வை எல்லாவற்றையும் தலைப்புப் போட்டு எழுத எனக்கு வரும். ஒருவரின் முகத்தைப் பார்த்து “இதைச் செய்யுங்கள்” என்று சொல்லத்தான் வராது. ஆகவே எனக்கு வரக்கூடியதைச் செய்தேன். காலைக் கூட்டத்தை ஒழுங்கு செய்தேன். நஸ்ரியா ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லுவாள், நான் கேட்பேன். செல்வி அந்த நேரத்தில் வெளியே வேனில் சாமான் ஏற்றுவாள். வீண் பேச்சு இல்லை, நேரம் மிச்சம். இதைப் பார்த்தால் நீங்கள்கூட மெச்சுவீர்கள் என்று நினைத்தேன் என்றால் பாருங்கள்.

உங்கள் காலைக் கைமாற்று அப்படியா இருந்தது? இரவு வேலை முடித்தவர்களும் பகல் வேலைக்கு வந்தவர்களும் மேசையடியில் கூடுவதை நீங்கள் விடவே மாட்டீர்கள். எல்லோரும் கட்டில் கட்டிலாக நடக்க வேண்டும். ஒவ்வொரு கட்டிலடியிலும் முதலில் வாய் திறக்க வேண்டியது அட்டெண்டன் குசுமா. இரவில் பாத்திரம் வைத்து எடுத்தவள் அவள்தானே. அவள் அரைச் சிங்களமும் அரைத் தமிழுமாகச் சொல்லி முடித்த பிறகு மாணவத் தாதி, அதற்குப் பிறகு நாங்கள், கடைசியில் நீங்கள். படுத்திருப்பவரும் இடையில் புகுந்து, “அது பொய் மிஸ்ஸி, நான் நித்திரையே கொள்ளல்ல” என்பார். எனக்கு அது பெரிய இழுபறியாகத் தெரிந்தது. படித்த நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, குசுமா தலையணையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருப்பாள். ஏன் அப்படி வைத்தீர்கள் என்று ஒரு நாளாவது கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்குத் தெரியாதது வெளியே வந்துவிடும் என்று பேசாமல் இருந்தேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். இதை நாலு பேர் படிக்கும் இடத்தில் போடப் போகிறேன் என்பதால் சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுவிட்டேன். நோயாளியின் பெயரை மட்டும் மாற்றி ஆசியா உம்மா என்று எழுதுகிறேன்.

ஆசியா உம்மாவுக்குச் சீனி வருத்தம், காலில் ஆறாத புண். மகன் மன்னாரில். மருமகளுக்கு ஊசி என்றாலே கை நடுங்கும். ஆகவே ஒவ்வொரு நாளும் காலையில் எங்கள் குழு போய் இன்சுலின் போட்டுவிட்டு வரும். இந்த நோன்பு மாதம் தொடங்கும்போதே நஸ்ரியா வீடு வீடாகச் சொல்லியிருந்தாள், ஊசி போடுகிறவர்கள் நோன்பு பிடிக்கக் கூடாது, வருத்தக்காரருக்கு மார்க்கத்திலேயே சலுகை இருக்கிறது, பள்ளி மௌலவியும் அதைத்தான் சொல்கிறார் என்று. எல்லோரும் தலையாட்டினார்கள். ஆசியா உம்மா எல்லோரையும்விட நன்றாக ஆட்டினார்.

ஒரு காலை நஸ்ரியா போனபோது கட்டிலருகே தட்டில் பாணும் சம்பலும் இருந்தன. பாணில் ஒரு மூலை பிய்த்திருந்தது. விரலில் குத்திச் சீனி பார்த்தாள், கூடத்தான் நின்றது. வழக்கமான அளவு ஊசியைப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். உச்சி வெயில் ஏறுவதற்குள் உம்மா வேர்த்துக் கொட்டி, மருமகளை யாரோ என்று பார்த்து, செத்துப்போன தன் தங்கச்சியைக் கூப்பிடத் தொடங்கிவிட்டார். மருமகள் சீனித் தண்ணீரைக் கொண்டு வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு வாயைத் திறக்கவில்லை. நோன்பு முறிந்துவிடுமாம். அவ்வளவு நினைவு மட்டும் மிச்சமிருந்திருக்கிறது. உம்மா விடிய முன்னம் எழும்பிச் சஹர் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறார். நஸ்ரியா பார்த்த சீனி அந்தச் சோற்றின் சீனி. தட்டும் பாணும் எங்களுக்குக் காட்ட வைத்தவை.

மருமகள் எங்களுக்கு அழைத்தாள். வேன் போகிற வழியில் கழுதைகள் றோட்டை மறித்துக்கொண்டு நின்றனவாம், செல்வி இறங்கி ஓடித் துரத்தியிருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் நாளத்தில் குளுக்கோஸ் ஏற்றியதும் உம்மா கண் திறந்தார். அடுத்த நாள் வீட்டுக்கும் வந்துவிட்டார். அல்ஹம்துலில்லாஹ். கொஞ்சம் பிந்தியிருந்தால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும். இருந்திருக்குமா என்பதும் தெரியாது.

மகன் மன்னாரிலிருந்து கோபத்தில் எங்கள் தலைவர் ஹாஜியாருக்குப் போன் எடுத்தார். ஹாஜியார் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், உப்பு வியாபாரத்தில் வாழ்ந்தவர், எதையும் இழுத்தடிக்கமாட்டார். வெள்ளிக்கிழமை நிர்வாகக் கூட்டம், அதில் யாருடைய பிழை என்று நான் சொல்ல வேண்டும் என்றார்.

“பேரை மட்டும் சொல்லுங்க சேர். மத்தத நாங்க பார்த்துக்கொள்றோம்.”

பெயர் எல்லோருக்கும் தெரிந்ததுதானே. ஊசியைப் பிடித்த கை நஸ்ரியாவுடையது. அவளுடைய வீட்டில் உழைப்பது அவள் ஒருத்திதான். இங்கிருந்து ஒரு நோயாளியைச் சாகடிக்கப் பார்த்தாள் என்ற பெயரோடு வெளியே போனால் வேறெங்கும் எடுக்கமாட்டார்கள். அந்த இரவு எனக்குள்ளே இன்னொரு எண்ணமும் ஓடியது, அதையும் உங்களிடம் மறைக்கவில்லை. இதைச் சாட்டாக வைத்து நானே விலகிவிடலாம். யாரும் குறை சொல்லமாட்டார்கள். வயதாகிவிட்டது, முடியவில்லை என்று ஒரு வசனம், போதும்.

அடுத்த நாள் நஸ்ரியாவைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். அவள் நின்றபடியே சொன்னாள்.

“சீனி பார்த்தன் சேர். தட்டப் பார்த்தன். சாப்பிட்டீங்களா உம்மா எண்டு கேட்டன், ஓம் எண்டாங்க. போட்டன். இதுல எது பிழை எண்டு சொல்லுங்க, நான் ஏத்துக்கொள்றன்.”

நானாக இருந்தாலும் அந்த ஊசியைப் போட்டிருப்பேன்.

அப்போதுதான் உங்கள் வாட்டில் நடந்த நோன்புக் காலங்கள் நினைவுக்கு வந்தன. நோன்பு தொடங்கினால் நீங்கள் சீனி வருத்தக்காரரின் கட்டிலடியில் வழக்கத்தைவிடக் கூட நேரம் நிற்பீர்கள். நோன்பா என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. சாப்பிட்டீர்களா என்றும் கேட்டதில்லை. “அடுத்து எப்ப சாப்பிடப் போறீங்க?” என்றுதான் கேட்பீர்கள். அதற்கு அவர் என்ன சொல்கிறார் என்பதைவிட எவ்வளவு நேரம் யோசிக்கிறார் என்று பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். நான் அதை உங்கள் பேச்சு வழக்கு என்றுதான் நினைத்திருந்தேன். முடிந்துபோன சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் பயந்தவர் எதையும் சொல்லலாம், இன்சுலினுக்கோ இனி வரப்போகும் சாப்பாடுதான் முக்கியம் என்பது இத்தனை வருடம் கழித்து ஒரு கிழவி சாகப் போன பிறகுதான் என் மண்டையில் ஏறியது. இதை நீங்கள் யாரிடம் படித்தீர்கள்? நோன்பு பிடிக்காத நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? எங்களில் ஒருவருக்கும் ஏன் தோன்றவில்லை?

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. சத்திரசிகிச்சைக்கு ஆயத்தமாக இருந்த ஒரு நோயாளிக்குக் காலையில் யாரோ பாண் கொடுத்துவிட்டார்கள். சத்திரசிகிச்சை நின்றுபோனது. பெரிய டொக்டர் உங்களைத் தன் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார். நாங்கள் வெளியே நின்றோம். நீங்கள் வெளியே வந்து ஒன்றும் சொல்லாமல் அலுமாரியைத் திறந்து படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்கத் தொடங்கினீர்கள். யார் பாண் கொடுத்தது என்ற கதை அன்றோடு முடிந்தது. புதிதாக வந்த ஒரு பிள்ளைக்கு, சாப்பாடு கொடுக்க வேண்டாம் என்ற சிங்களப் பலகையை வாசிக்கத் தெரியவில்லை என்பதை நாங்களாகத்தான் பிறகு அறிந்தோம். அடுத்த நாளிலிருந்து, பட்டினி கிடக்க வேண்டிய நோயாளியின் மேசையில் கோப்பை கவிழ்த்து வைக்கப்பட்டது. வாசிக்கத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும், எந்தப் பாஷைக்காரருக்கும், கவிழ்ந்த கோப்பை விளங்கும்.

அந்தக் கதவுக்குப் பின்னால் நீங்கள் என்ன சொன்னீர்கள், சிஸ்டர்? வெள்ளிக்கிழமைக்கு முன் எனக்கு அது தெரிய வேண்டியிருந்தது. கேட்க ஆள் இல்லை.

தெரிந்தவரை உங்களைப்போலச் செய்து பார்ப்போம் என்று நஸ்ரியாவையும் செல்வியையும் ஒன்றாக இருத்தினேன். செல்வி அந்த அறையில் கதிரையில் இருந்ததே அன்றுதான் முதல் தடவை என்று எனக்குப் பிறகு உறைத்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, “இதுக்குக் காரணம் யார் எண்டு...” என்று தொடங்கினேன். இருவரும் தரையைப் பார்த்தார்கள். அப்படியே நிறுத்திவிட்டேன். பிறகு வேறு விதமாகக் கேட்டேன்.

“செல்வி, அந்த வீட்டுல நீங்க என்னென்ன கண்டீங்க? முதல் நாளிலிருந்து சொல்லுங்க. நாங்க ரெண்டு பேரும் கேட்டுக்கொண்டிருக்கிறம்.”

அவள் நஸ்ரியாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அழத் தொடங்கினாள். அழுகைக்கு நடுவே சொன்னாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நோன்பு தொடங்கிய கிழமையே, புண் துடைத்துக்கொண்டிருக்கும்போது, உம்மா அவளுடைய கையைப் பிடித்து இரகசியம் சொன்னாராம். நான் நோன்புதான் மகள், அந்த நஸ்ரியாவுக்குச் சொல்லிடாதே, அவள் ஏசுவாள், நீ எங்கட ஆள் இல்லைதானே, உனக்குச் சொன்னால் பாவமில்லை என்று. பாண் தட்டு முழுசாகக் குசினிக்குத் திரும்பிப் போவதையும் அவள் கண்டிருக்கிறாள். அத்தனை நாளும் உம்மாவின் உடம்பு எப்படியோ தாங்கியிருக்கிறது.

நஸ்ரியாவின் முகம் சிவந்துவிட்டது. “ஏன்டி எனக்கு ஒரு வார்த்தை சொல்லல்ல?”

“அது உங்கட நோன்பு அக்கா. அதுக்குள்ள நான் வாயத் திறக்கிறது சரியா? உங்கட ஆக்கள் என்ன நினைப்பாங்க? விரதம் பிடிக்கிற ஆளக் காட்டிக் கொடுக்கிறது எங்கட ஊரிலயும் பாவம்தான்.” பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “அதோட, என்னட்ட ஒருத்தரும் கேக்கவும் இல்லை.”

எவ்வளவு விசித்திரம் பாருங்கள். மார்க்கம் தெரிந்தவளுக்குப் பயந்து உம்மா மறைத்திருக்கிறார். மார்க்கத்துக்கு வெளியே நின்றவளிடம் நம்பிச் சொல்லியிருக்கிறார். வெளியே நின்றவள் மரியாதைக்காக வாயை மூடியிருக்கிறாள். மூன்று பேரும் அவரவர் அளவில் நல்லதைத்தான் செய்தார்கள். மூன்று நல்லதும் சேர்ந்து ஒரு உயிரைக் குடிக்கப் பார்த்தது. செல்வி பேசக்கூடிய ஒரே நேரத்தில் அவளை வேனுக்கு அனுப்பிவைத்திருந்தவன் நான்.

நஸ்ரியா சிரித்தாள், அவ்வளவு சந்தோசமான சிரிப்பு இல்லை. “என்ர வாய்க்குப் பயந்து மனிசி மௌத்தாகப் பார்த்திருக்கு” என்றாள். எழும்பிப் போய்ச் செல்விக்குத் தண்ணீர் எடுத்து வந்து கொடுத்தாள்.

எனக்கு இப்போது ஒரு பெயருக்குப் பதிலாக இரண்டு பெயர் தெரிந்துவிட்டது. அதுதான் பயம். செல்வியின் கதை வெளியே போனால் இவளும் நிற்க முடியாது. அதோடு “தமிழ்ப் பிள்ளை தெரிந்துகொண்டே சொல்லவில்லை” என்று ஒருவர் வாயிலிருந்து வந்தால் போதும், அது எந்தத் தெருவில் எப்படிப் போய் முடியும் என்று இந்தக் கரையில் வாழ்ந்த நமக்குச் சொல்லவா வேண்டும்?

கூட்டத்துக்கு முன் ஆசியா உம்மாவைப் போய்ப் பார்த்தேன். தலையணையில் சாய்ந்திருந்தார். நான் வாய் திறப்பதற்கு முன்னமே முறைப்பாடு சொல்லத் தொடங்கிவிட்டார்.

“மன்னாரான், அந்தப் புள்ளைகள ஏசுனீங்களா? ஏசாதீங்க. என்ர பிழை. ஆனா ஒண்டு, நல்லாப் போய்க்கொண்டிருந்த நோன்பு, ஆஸ்பத்திரியில முறிச்சுப் போட்டாங்க. அதக் களாச் செய்ய இனி என்னால ஏலுமா?”

செத்துப் பிழைத்தது அவருக்குக் கவலையே இல்லை. விட்டுப்போன நோன்பை எப்படி ஈடு செய்வது என்பதுதான் கவலை. மௌலவியை வரச் சொல்கிறேன் என்றேன். ஏன் உம்மா எங்களுக்கு மறைத்தீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார், மன்னாரில் விட்டுவிட்டு வந்ததெல்லாம் போக, இங்கே கொண்டு வந்தது இந்த நோன்பு ஒன்றுதானே என்று.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து கூட்டம். ஐந்தாறு பேர் வட்டமாக இருந்தார்கள். என் முழங்கால் நடுங்கியது. மேசை இருந்ததால் தெரியவில்லை. ஹாஜியார் கேட்டார், யாருடைய பிழை?

நான் இரவு முழுக்க ஆயத்தம் செய்த பேச்சு ஒன்று இருந்தது, நோன்புக் காலத்தில் மருந்து முறை பற்றி, குழுத் தொடர்பாடல் பற்றி. அதில் ஒரு வசனமும் வரவில்லை. “ஊசி போட்டது எங்கட குழு. குழுவுக்குப் பொறுப்பு நான்” என்றேன். அவ்வளவுதான் வந்தது. சொல்லி முடித்ததும், சிஸ்டர், அந்தச் சாத்திய கதவுக்குப் பின்னால் நீங்களும் இதைத்தான் சொல்லியிருப்பீர்களோ என்று நினைத்தேன். வேறு என்னதான் சொல்ல இருக்கிறது? ஆனால் நிச்சயமாகத் தெரியாது. நீங்கள் இதைவிட நன்றாகச் சொல்லியிருக்கலாம்.

“அது சரி சேர், பொறுப்பு நீங்கதான். கையால செஞ்சது யாரு?”

அவருக்குத் தெரிந்த பெயரை என் வாயால் கேட்க நினைத்தார். நான் எப்படி நடந்தது என்பதைச் சொன்னேன், பெயர் இல்லாமல். உம்மாவுக்கு எங்களிடம் உண்மை சொல்லப் பயம் இருந்தது, எங்களுக்குள்ளே ஒருவருக்கொருவர் சொல்ல இடம் இருக்கவில்லை, அந்த இடத்தை இல்லாமல் ஆக்கியது என் காலைக் கூட்டம், இரண்டையும் மாற்ற வேண்டும் என்றேன். ஒருவரை அனுப்பினால் அடுத்த முறை யாரும் எதையும் சொல்லமாட்டார்கள் என்றும் சொன்னேன். அதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்டது. மூலையில் இருந்த ஒருவர், இது நல்ல கதையாக இருக்கிறதே, பிழைக்கு ஆளே இல்லையா என்று முணுமுணுத்தார்.

ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“அப்ப பிழை உங்கட. நல்லது. விலகுறீங்களா, நிக்கிறீங்களா?”

நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த கதவு. அவரே திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். வயதாகிவிட்டது என்ற அந்த வசனம் நாக்கு நுனியில் நின்றது. விலகினால் பிழையும் என்னோடு போய்விடும், பிள்ளைகள் இருவரும் தப்பிவிடுவார்கள் என்றுகூடக் கணக்குப் போட்டேன். பிறகு ஒன்று உறைத்தது. நாளைக் காலையில் செல்வியை அந்தக் கதிரையில் இருத்தப் போவது யார்? எனக்குப் பிறகு வருகிறவர் அவளைத் திரும்பவும் வேனுக்கு அனுப்பினால்?

“நிக்கிறன்” என்றேன்.

ஹாஜியார் சிரிக்கவில்லை. அப்படியென்றால் மன்னாரிலிருக்கும் மகனுக்கு நீங்களே போன் எடுத்துச் சொல்லுங்கள், என்னால் அந்த மனிதனோடு மல்லுக்கட்ட முடியாது என்றார். பிள்ளைகளைப் பற்றிப் பிறகு யாரும் கதைக்கவில்லை.

போனைக் கையில் எடுத்து வைத்து, எடுத்து வைத்து, கடைசியில் அஸர் தொழுகைக்குப் பிறகு அழைத்தேன். மகன் எடுத்தார். நடந்ததைச் சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன், இனி எப்படிச் செய்வோம் என்றும் சொன்னேன். ஏசுவார் என்று காதை ஆயத்தமாக வைத்திருந்தேன். அவர் மெல்லச் சொன்னார்.

“உம்மா நோன்பு எண்டு எனக்குத் தெரியும் சேர். ராவைக்கு ராவைக்கு போன்ல சொல்லுவா, இண்டைக்கும் பிடிச்சிட்டன் மகன் எண்டு. சந்தோசப்பட்டன். உங்களுக்குத் தெரியாம இருக்கும் எண்டு நான் நினைக்கவே இல்ல.”

செல்விக்குத் தெரியும். மருமகளுக்குத் தெரியும். நூறு மைல் தள்ளி மன்னாரில் இருக்கும் மகனுக்குத் தெரியும். ஊசியைப் பிடித்தவளுக்கு மட்டும் தெரியவில்லை. இந்த மனிதர்தான் ஹாஜியாரிடம் சத்தம் போட்டவர். இதை அப்படியே ஹாஜியாரிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம், என் தலை நிமிர்ந்திருக்கும். அன்று நான் கொடுக்கவில்லை. அவருடைய குரல் உடைந்திருந்தது. நீங்களாக இருந்தாலும் கொடுத்திருக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். சரியா? இதை எழுதலாமா என்று பிறகு நான் கேட்டபோது, “எழுதுங்க, வேற வீட்டுல நடக்காம இருக்கட்டும்” என்றவரும் அவர்தான்.

இப்போது எங்கள் காலைக் கூட்டத்தில் மூன்று கதிரை. செல்விதான் முதலில் கதைக்கிறாள். முதல் சில நாள் “ஒண்டும் இல்ல ஐயா” என்று முடித்தாள். நஸ்ரியா, “ஒண்டும் இல்லாத வீடு புத்தளத்துல எங்கடி இருக்கு?” என்று சீண்டினாள். இப்போது அவளை நிறுத்துவதுதான் கஷ்டம். எந்த வீட்டில் மருந்துக் குளிசை தலையணைக்குக் கீழே போகிறது, எந்த வாப்பா மகளுக்குத் தெரியாமல் பீடி குடிக்கிறார், எல்லாம் வருகிறது. பாதி எங்களுக்குத் தேவையில்லாத கதை. எது தேவையான பாதி என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா? நீங்கள் குசுமாவின் தலையணைக் கதையை ஏன் கடைசிவரை கேட்டுக்கொண்டு நின்றீர்கள் என்று இப்போது கொஞ்சம் விளங்குகிறது. முழுக்க விளங்கிவிட்டது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

நஸ்ரியாவும் கேள்வியை மாற்றிவிட்டாள். அடுத்து எப்ப சாப்பிடுவீங்க என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்கிறாள். அவளுக்கு அந்த இரண்டாவது பகுதிதான் கஷ்டம். நோன்பை விடவே மாட்டேன் என்கிறவர்களை இப்போது அவள் ஏசுவதில்லை. டொக்டரிடம் கூட்டிப்போய் ஊசியின் நேரத்தையும் அளவையும் மாற்றிக்கொண்டு வருகிறாள். ஆசியா உம்மாவிடம் மௌலவி வந்து கதைத்தார். உம்மாவின் நோன்புக்கு ஈடாக, விட்ட ஒவ்வொரு நாளுக்கும் ஒரு ஏழைக்குச் சாப்பாடு கொடுத்தால் போதும் என்றார். மகன் ஏற்றுக்கொண்டார். உம்மாதான் அரை மனதோடு இருக்கிறார்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த அலுமாரியில் விரிப்புகளை அடுக்கிக்கொண்டு நின்றபோது உங்கள் கை நடுங்கிக்கொண்டிருந்ததா? நீங்கள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதால் எனக்குத் தெரியவில்லை. நடுங்கியது என்றால் எனக்கு ஆறுதலாக இருக்கும். இல்லை என்றால் பரவாயில்லை, நான் நடுங்கிக்கொண்டே செய்கிறேன்.

எனக்கு உங்களுடைய நிதானம் வராது. ஆனாலும் ஒரு வாக்குத் தருகிறேன். பொறுப்பை எடுக்க ஆள் தேடித் தாருங்கள் என்று இனி நான் யாரிடமும் போகமாட்டேன். அடுத்த பிழையும் வரும். வரும்போது கதவுக்கு உள்ளே நான் இருப்பேன், பிள்ளைகள் வெளியே நிற்பார்கள்.

உங்களுக்கு வயதில் மூத்தவனாகவும் வேலையில் கீழானவனாகவும் இருந்து, நீங்கள் அண்ணன் முறையில் கூப்பிட்டதாலேயே உறவானவன்,
உங்கள் நானா